கூரையில் விளைவதைக் கூரைக்குக் கீழே செலவழிப்போம்

கொச்சியின் கலூரில் சோலார் பேனல் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் இந்த வாதம் வந்துவிடும். "பகலில் மிச்சமாகிற கரண்டை போர்டுக்குக் கொடுக்கிறோம். ராத்திரி ஏ.சி. போடும்போது திரும்ப எடுத்துக்கொள்கிறோம். யூனிட்டுக்கு யூனிட் கணக்கு நேராகிவிடுகிறது. இதில் நாம் மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது?" பேனல் பொருத்தித் தருகிறவர்கள் இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டங்களிலும் இதே பேச்சுதான். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் கூடுதலாக ஒன்று சொல்வார்கள்: "யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் இந்த நெட் மீட்டரிங்கை எடுத்துவிட்டால்தான் என்ன, பேட்டரி வாங்கிவிட்டால் தீர்ந்தது."

இரண்டு நினைப்புமே தவறு என்பது என் கட்சி. நண்பகலில் கூரையில் விளையும் மின்சாரத்தில் பெரும்பகுதியை நண்பகலிலேயே வீட்டுக்குள் செலவழித்துவிட முடியும். அதற்கான சேமிப்புக் கலன்கள் வெந்நீர்த் தொட்டியாகவும் மேல்நிலைத் தொட்டியாகவும் சுவராகவும் தளமாகவும் வீட்டிலேயே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்திப் பார்க்காமலே மின்வாரியத்தின் கம்பியையோ லித்தியம் பேட்டரியையோ நம்பி உட்கார்ந்திருப்பது நமக்கும் நஷ்டம், பேனல் வைக்க வழியில்லாத அடுத்த வீட்டுக்கும் நஷ்டம்.

முதலில் கம்பியைப் பற்றி. மின்வாரியத்தின் கம்பியில் மின்சாரம் எங்கும் தங்குவதில்லை. மதியம் ஒரு மணிக்கு நம் கூரையிலிருந்து வெளியே போகும் மின்சாரத்தை அந்த நொடியே யாரோ ஒருவர் எங்கோ செலவழித்தாக வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு நாம் 'திரும்ப எடுக்கிற' மின்சாரம் முற்றிலும் வேறொன்று. அது மூலமற்றம் மின்நிலையத்தில் இடுக்கி அணைத் தண்ணீர் டர்பைனைச் சுழற்றித் தந்ததாக இருக்கலாம். பெரும்பாலும் வெளிமாநிலத்து நிலக்கரி எரிந்து வந்ததாகவே இருக்கும், ஏனென்றால் கேரளம் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. விலையும் ஒன்றல்ல. மின் பரிமாற்றச் சந்தையில் மாலைநேர விலை பல நாள் உச்சவரம்பான யூனிட்டுக்கு 10 ரூபாயைத் தொடுகிறது. நண்பகலில் அதில் ஒரு சிறு பங்குக்கு இறங்கிவிடுகிறது. மலிந்து கிடக்கும் நேரத்தில் ஒரு யூனிட்டைக் கொடுத்துவிட்டு, அரிதான நேரத்தில் ஒரு யூனிட்டை வாங்கிக்கொள்கிறோம். இடையில் உள்ள வித்தியாசம் மாயமாகிவிடுவதில்லை. வாரியத்தின் கணக்கில் ஏறி, அடுத்த கட்டண உயர்வில் பேனல் வைக்காதவர் உட்பட எல்லோர் தலையிலும் இறங்குகிறது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த வாதம் ஒன்று உண்டு. "பகலில் எங்கள் சோலார் வருவதால் இடுக்கியில் தண்ணீரைத் திறக்காமல் வைத்துக்கொள்ளலாம். ராத்திரி அதைத் திறந்து விடலாம். அப்படியானால் கேரளத்துக்கு அணைகளே பேட்டரிதானே?" பாதிவரை இது சரி. சூரியன் மிச்சப்படுத்தும் தண்ணீர் உண்மையான சேமிப்புதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது டர்பைன். இடுக்கியில் 130 மெகாவாட் இயந்திரங்கள் ஆறு, மொத்தம் 780 மெகாவாட். கேரளத்தின் நீர்மின் நிலையங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் 2,000 மெகாவாட்டுக்குச் சற்று மேலேதான் வரும். 2024 மே மாதத் தொடக்கத்தில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,800 மெகாவாட்டை ஒட்டிப் போனது. மாலையில் அந்த டர்பைன்கள் ஏற்கனவே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பகலில் இன்னும் ஆயிரம் வீடுகள் சோலாரை ஏற்றுமதி செய்தால் அணையில் தண்ணீர் கூடும். மாலை ஏழு மணிக்குக் கிடைக்கும் மெகாவாட் கூடாது. இடுக்கியில் இரண்டாம் நிலையம் பற்றியும் நீரை மேலேற்றிச் சேமிக்கும் திட்டங்கள் பற்றியும் பேச்சு நடக்கிறது. அவை வரும்போது வரட்டும். 2024 கோடையில் உச்சம் மாலையைத் தாண்டி நள்ளிரவை நோக்கி நகர்ந்து, பல இடங்களில் டிரான்ஸ்பார்மர்கள் பழுதாகி, மக்கள் தூக்கமின்றித் தவித்ததை எர்ணாகுளத்துக்காரர்கள் அதற்குள் மறந்திருக்க முடியாது.

இந்தக் கணக்கை மின்வாரியமும் சொல்கிறது என்பதால் நான் வாரியத்தின் வக்கீல் ஆகிவிடவில்லை. 2020ஆம் ஆண்டு விதிகள் 1,000 கிலோவாட் வரை நெட் மீட்டரிங்கை அனுமதித்தன. 2025இல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட வரைவு, வீடுகளுக்கான அந்த வசதியை 3 கிலோவாட்டுக்குச் சுருக்கப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியது, இறுதி விதிகள் வரைவைவிடத் தளர்வாக வந்தன. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆண்டுக்கணக்காகச் சேர்த்த பணத்தையும் வங்கிக் கடனையும் கூரையில் போட்டவர்களுக்கு விதி திடீரென மாறினால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த எதிர்ப்பு முழுவதும் 'எங்கள் யூனிட்டை எங்களுக்குத் திருப்பிக் கொடு' என்ற ஒரே கோரிக்கையில் சுருங்கிப்போனதுதான் என் வருத்தம். 'மதியத்திலேயே செலவழிக்க எங்களுக்கு வழி செய்து கொடு, அதற்கு ஏற்ற விலை வை' என்று உரக்கக் கேட்கும் குரல் இல்லை. ஒன்றிய அரசின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதைப் பிடித்துக்கொண்டு பேனல் வைத்ததில் கேரளம் முன்வரிசை மாநிலங்களில் ஒன்று. இத்தனை கூரைகள் ஒரே நேரத்தில் ஒரே திசையில் மின்சாரத்தைத் தள்ளும்போது பழைய ஏற்பாடு அப்படியே நீடிக்கும் என்று நம்புவது கண்ணை மூடிக்கொள்வது. நமக்கு முன்னால் இந்த வழியில் போன கலிபோர்னியாவில் 2023 ஏப்ரல் முதல் புதிதாகச் சேர்வோருக்கு, வெளியே தள்ளும் யூனிட்டின் விலை முக்கால்வாசி குறைந்துபோனது. பேனல் 25 ஆண்டு உழைக்கும். எந்த ஆணையத்தின் விதியும் 25 ஆண்டு மாறாமல் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இனி வீட்டுக்குள் போவோம். விஷயம் உண்மையில் இருப்பது அங்கேதான்.

3 கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 12 யூனிட் தரும். ஆட்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்ட வீட்டில் பகலில் ஃபிரிஜ்ஜும் ஓரிரண்டு மின்விசிறியும் சேர்ந்து 2 அல்லது 3 யூனிட் எடுக்கும். மீதி 9 யூனிட் வெளியே போகிறது. அதே வீட்டில் காலை ஏழு மணிக்கு 2 கிலோவாட் கீசர் ஓடுகிறது. மாலை வேலை முடிந்து வந்ததும் ஒரு குளியல், மறுபடி கீசர். கொச்சியில் இரண்டு வேளைக் குளியல் என்பது ஆடம்பரமில்லை, உப்புக்காற்றும் வியர்வையும் கேட்டு வாங்குவது. ஏழரைக்கு மோட்டார், எட்டு மணிக்கு வாஷிங் மெஷின், ஒன்பதுக்கு ஏ.சி., படுக்கப் போகும்போது மின்ஸ்கூட்டருக்குச் சார்ஜர். கூரையில் விளைந்தது ஒரு நேரம், வீடு கேட்பது வேறொரு நேரம்.

இதில் வெந்நீரை எடுத்துக்கொள்ளுங்கள். 200 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக 6 யூனிட்டுக்குச் சற்று மேலான வெப்பம் தேவை. கம்பிச்சுருள் கீசர் அந்த வெப்பம் முழுவதையும் மின்சாரத்திலிருந்தே எடுக்கும். ஹீட் பம்ப் அப்படிச் செய்யாது. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும், மின்சாரம் அந்தத் தள்ளுகிற வேலைக்கு மட்டும். கொச்சியின் காற்றில் ஒரு யூனிட்டுக்கு மூன்றரை யூனிட் வெப்பம் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டால் மொத்தச் செலவு 2 யூனிட்டுக்கும் கீழே. நன்றாகக் காப்பிட்ட தொட்டி அன்று மாலைக் குளியலுக்கும் மறுநாள் காலைக் குளியலுக்கும் தாங்கும். அதாவது மதியம் ஒருமுறை ஓடிய இயந்திரம் நெருக்கடியான இரண்டு நேரங்களிலிருந்து கீசரை முழுசாக எடுத்துவிடுகிறது.

"ஹீட் பம்ப்பெல்லாம் குளிர்நாட்டுச் சமாசாரம், இந்த ஊருக்கு எதற்கு?" என்ற எதிர்ப்பை நான் அடிக்கடி கேட்கிறேன். இயற்பியல் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. காற்று எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறதோ அவ்வளவு சுலபம் அதிலிருந்து வெப்பத்தை எடுப்பது. பனி பெய்யும் ஊரில் திணறும் இயந்திரம் 30 டிகிரிக் காற்றில் நிம்மதியாக ஓடும். போதாததற்கு, அது வெளியே விடும் காற்று குளிர்ந்து, ஈரம் குறைந்து வருகிறது. மழைக்காலத்தில் துணி காயாமல் நாறும் இந்த ஊரில் அந்தக் காற்றைத் துணி உலர்த்தும் அறைக்குத் திருப்பிவிடுவது இரட்டை லாபம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹீட் பம்ப் அந்நியப் பொருள் என்று சொல்கிறவர் வீட்டுச் சுவரில் அது ஏற்கனவே மாட்டியிருக்கிறது. ஏ.சி. என்பது அறையின் வெப்பத்தை வெளியே தள்ளும் ஹீட் பம்ப்தான். நூற்றுக்கணக்கான வீடுகளில் இரண்டு, மூன்று ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் வாங்கி மாட்டினால் மட்டும் போதாது, ஓட்டும் விதம் இருக்கிறது. உற்சாகத்தில் சிலர் 'மேகம் வந்தால் அணை, வெயில் வந்தால் போடு' என்று தானியங்கிக் கருவி வைக்கிறார்கள். கம்ப்ரஸருக்கு அது ஆகாது. அடிக்கடி நின்று நின்று ஓடினால் ஆயுள் குறையும், திறனும் குறையும். காலை பத்தரையிலிருந்து மதியம் இரண்டரைக்குள் ஒரே ஓட்டமாக ஓடி முடிக்கும்படி டைமர் வைப்பது நல்லது. 200 லிட்டர் அளவில் ஒரு கிலோவாட்டுக்குள் இழுக்கும் சிறிய இயந்திரமாகத் தேர்ந்தெடுத்தால் லேசான மேகமூட்டமுள்ள நாளிலும் 3 கிலோவாட் பேனல் அதைத் தாங்கிக்கொள்ளும். அளவில் பெரிய, வேகமாகக் காய்ச்சும் இயந்திரம் விற்பனையாளருக்குத்தான் லாபம். பல மாடல்களில் உதவிக்கென்று ஒரு கம்பிச்சுருளும் உள்ளே இருக்கும், அதை அணைத்துவைக்க வேண்டும். மாலையில் யாரோ கொஞ்சம் வெந்நீர் எடுத்ததும் அது தன்பாட்டுக்கு ஓடத் தொடங்கினால் சேமித்தது அத்தனையும் போச்சு. வாரம் ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றுவது தொட்டியில் கிருமி வளராமல் இருக்க. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிப் பக்கம் என்றால் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் சுருளுக்கு உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் தொட்டிக்குள் இருக்கும் அரிப்புத் தடுப்புக் கோலை அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும்.

இருவர் மட்டும் குடியிருக்கும் ஃபிளாட்டுக்கு ஹீட் பம்ப் வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 50 லிட்டர் சேமிப்புக் கீசர் ஒன்றை டைமரில் போட்டு மதியம் ஓடவிட்டால் 2 யூனிட்டுக்குள் 60 டிகிரி வந்துவிடும், பச்சைத் தண்ணீர் கலந்து இருவரும் குளிக்கலாம். ஹீட் பம்ப்பின் உண்மையான இடம் பெரிய குடும்பம், விடுதி, மருத்துவமனை, ஹோட்டல். கலூரைச் சுற்றி இருக்கும் மாணவர் விடுதிகளில் காலை ஆறு மணிக்குமேல் ஒரே நேரத்தில் எத்தனை கீசர்கள் ஓடுகின்றன என்று நினைத்துப் பார்த்தால் போதும். கோயம்புத்தூர், நீலகிரி, மூணாறு போன்ற இடங்களில் தண்ணீர் இன்னும் குளிர்ந்து வருவதால் வெந்நீர்ச் செலவும் பெரிது, மதியம் சேமிப்பதன் பலனும் பெரிது.

ஏ.சி. விஷயத்தில் நான் மிகைப்படுத்தப் போவதில்லை. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி. ஒன்று இரவு முழுக்க ஓடினால் ஐந்தாறு யூனிட் போகும். மதியம் அறையைக் குளிர்வித்து இரவு முழுக்க ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குளிர்ந்த காற்று சீக்கிரமே போய்விடும். தங்குவது சுவரிலும் தளத்திலும் கட்டிலிலும் இறங்கிய குளிர்ச்சி. கொச்சியின் கான்கிரீட் வீட்டில் பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவு பதினொரு மணிவரை வெப்பத்தைக் கீழே உமிழ்கிறது, ஏ.சி. அந்த நேரமெல்லாம் போராடுவது அதனோடுதான். படுக்கையறையின் திரைகளை மூடி, ஜன்னலைச் சாத்தி, மதியம் இரண்டிலிருந்து நாலரைவரை 26 டிகிரியில் ஓடவிட்டால் சுவரில் ஏறிய வெப்பமும் அறையின் ஈரமும் சோலார் செலவிலேயே வெளியேறுகின்றன. இரவு ஒன்பதரைக்கு மறுபடி போடும்போது ஏ.சி. முதல் ஒரு மணி நேரம் முழு மூச்சில் ஓட வேண்டியிருக்காது. மாலையில் ஜன்னலைத் திறந்துவிட்டால் ஈரம் திரும்பிவிடும், செய்தது வீண். மேற்குச் சுவருக்கு நிழல், தளத்துக்கு வெள்ளைப் பூச்சு, பேனலே தரும் நிழல், இவை இருந்தால் பலன் கூடும். இவை எதுவும் இல்லாத தகரக் கூரை அறையில் இந்த வித்தை எடுபடாது. உச்சநேரச் சுமையில் ஒரு பகுதியைத்தான் இது குறைக்கும். ஆனால் மாலை ஏழிலிருந்து பதினொன்றுவரை ஒவ்வொரு பகுதியும் விலைமதிப்புள்ளது.

மற்றவை சில்லறைகள், ஆனால் சேர்ந்து பெருகும் சில்லறைகள். மோட்டாரை மதியத்துக்கு மாற்றினால் அரை யூனிட். வாஷிங் மெஷின் ஏறக்குறைய அவ்வளவே. கேரள வீடுகளில் குடிதண்ணீரைப் பதிமுக மரச்சீவலோ சுக்கோ போட்டுக் கொதிக்கவைக்காமல் குடிப்பவர்கள் குறைவு. அதைக் கேஸில் கொதிக்கவைக்காமல் மதியம் இன்டக்‌ஷன் அடுப்பில் வைத்தால், சமையலையும் சேர்த்து 2 யூனிட் மதியத்திலேயே செலவாகும், ஒரு சிலிண்டரில் கணிசமான பங்கும் மிச்சம். மின்ஸ்கூட்டர் பகலில் வீட்டில் நிற்கும் நாளில் இன்னொரு 2 யூனிட். ஹீட் பம்ப்பையும் மதிய ஏ.சி.யையும் சேர்த்துக் கூட்டினால் 8 யூனிட்டைத் தாண்டுகிறது. வெளியே போய்க்கொண்டிருந்த 9இல் ஏறக்குறைய எல்லாமே. பேட்டரி இன்னும் வாங்கவே இல்லை.

பேட்டரியை நான் வெறுக்கவில்லை. காசர்கோடு மாவட்டத்து மைலாட்டியில் 125 மெகாவாட் திறனில் நாலு மணி நேரம் மின்சாரம் தரும் பேட்டரி நிலையம் கொண்டுவர மாநிலம் முடிவெடுத்தது நல்ல முடிவு. ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு லட்சம் வீடுகள் மாலையில் ஒரே நேரத்தில் எடுக்கும் சுமையில் ஒரு கிலோவாட்டை மதியத்துக்கு நகர்த்தினால் 100 மெகாவாட் ஆகிவிடுகிறது. மாநிலத்தில் வீட்டு இணைப்புகள் ஏறக்குறைய ஒரு கோடி. ஒரு பெரிய பேட்டரி நிலையத்தை ஒத்த சேமிப்பு, நூறில் ஒரு வீட்டின் பழக்கத்தில் ஒளிந்திருக்கிறது. வீட்டுக்குள் வைக்கும் லித்தியம் பேட்டரியோ உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கொஞ்சம் இழக்கும், பத்துப் பதினைந்து ஆண்டில் மாற்ற வேண்டியிருக்கும். வெந்நீராகப் போகப்போகிற மின்சாரத்தை முதலில் பேட்டரியில் அடைத்து, பிறகு எடுத்து, பிறகு கீசரில் எரிப்பது பொருளற்ற செலவு. சூடாகவோ குளிர்ச்சியாகவோ வேண்டியதைச் சூடாகவும் குளிர்ச்சியாகவும் சேமித்துவிட்டு, விளக்குக்கும் விசிறிக்கும் மிஞ்சுகிற தேவைக்கு மட்டும் பேட்டரி வாங்கினால் பாதி அளவுகூட வேண்டியிராது.

"நெட் மீட்டரிங் இருக்கும்வரை நேரத்தை மாற்றினாலும் என் பில்லில் ஒரு ரூபாய் குறையாதே?" இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்கிறவர்களுக்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். சிலருக்கு இன்றைய பில்லில் பெரிதாக ஒன்றும் குறையாதுதான். ஆனாலும் மூன்று காரணங்கள் உண்டு. நண்பகலில் ஒரே டிரான்ஸ்பார்மரில் பல கூரைகள் சேர்ந்து தள்ளும்போது தெருவின் வோல்டேஜ் ஏறுகிறது. வரம்பைத் தாண்டியதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுகிறது. வெயில் கொளுத்தும் நேரத்தில் பேனல் சும்மா கிடக்கிறது, அந்த யூனிட் யாருக்கும் இல்லை. வீட்டுக்குள் சுமை இருந்தால் அந்த ஏற்றம் தணியும். ஆண்டு முடிவில் மிஞ்சி நிற்கும் யூனிட்டுக்கு வாரியம் தரும் விலை மூன்று ரூபாயை ஒட்டியது, நாம் கட்டுகிற மேல்படிக் கட்டணத்தில் பாதிகூட இல்லை. மூன்றாவது காரணம் பில்லில் தெரியாது. டிரான்ஸ்பார்மரின் கொள்ளளவு நிரம்பிவிட்டது என்று புதிய விண்ணப்பங்கள் காத்துக்கிடக்கும் தெருக்கள் இருக்கின்றன. முதலில் வந்த நாம் நம் மிச்சத்தை எல்லாம் தெருவில் கொட்டிக்கொண்டே இருந்தால் பின்னால் வருகிறவருக்கு இடம் இல்லை.

"எப்போது பார்த்தாலும் வெயிலைப் பார்த்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது?" இது சலிப்பின் வாதம், ஆனால் இதற்குள் ஒரு நியாயமான கவலை இருக்கிறது. மதியத்தில் வேலைகளைக் குவித்தால் அது வீட்டிலிருக்கும் பெண்ணின் தலையிலோ வேலைக்கு வரும் அம்மாவின் தலையிலோ விழும். அப்படி விழக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதனால்தான் டைமர். ஹீட் பம்ப், மோட்டார், ஏ.சி., சார்ஜர் நான்குக்கும் மனிதக் கை தேவையில்லை. பேனலைப் பொருத்தித் தருகிறவர் அன்றைக்கே டைமரையும் பொருத்திவிட்டுப் போக முடியும். மானியம் தரும் அரசு அதை நிபந்தனையாகவே வைக்கலாம். வெயிலின் நேரத்துக்கு வேலையை வகுத்துக்கொள்வது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் இருக்கும் சலவைத் துறையில் நம் தமிழ் வண்ணார் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் உழைக்கிறார்கள். விடியலில் துவைப்பு, வெயில் ஏறும்போது கொடி, பிறகு இஸ்திரி. அவர்கள் உடம்பால் செய்ததை நம் வீட்டில் ஒரு சிறிய மின்கருவி செய்யும்.

வெளியுலகம் இந்தப் பாடத்தை ஏற்கனவே படித்துவிட்டது. ஜப்பானில் 2001இல் சந்தைக்கு வந்த ஈகோக்யூட் என்ற ஹீட் பம்ப் வெந்நீர் இயந்திரம் இரவில் மிச்சமான அணுமின்சாரத்தை வெந்நீராகச் சேமிக்கத்தான் பரப்பப்பட்டது. சூரிய மின்சாரம் பெருகிய பிறகு அதே தொட்டி பகலில் காய்ச்சும் மாடலாக 2022இல் வந்தது. பிரான்சில் பல பத்தாண்டுகளாக இரவுநேரச் சலுகைக் கட்டணத்தில் ஓடிய வீட்டுக் கொதிகலன்களுக்கு இப்போது சலுகை நேரத்தின் ஒரு பகுதியைப் பிற்பகலுக்கு நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் காலை பத்திலிருந்து மதியம் மூன்றுவரை மின்கம்பிக் கட்டணத்தைத் தணித்தார்கள். 2026 ஜூலை முதல் சில மாநிலங்களில் நண்பகலில் தினமும் மூன்று மணி நேர மின்சாரம் இலவசமாகத் தர வேண்டும் என்று அந்நாட்டு அரசு 2025 நவம்பரில் அறிவித்தது, பேனல் இல்லாத வீட்டுக்கும் சேர்த்து. தொட்டி எங்கேயும் மாறவில்லை, காய்ச்சும் மணிதான் மாறியது.

இங்கே என்ன நடக்கிறது? மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீடுகளுக்கு நேரவாரிக் கட்டணம் வந்திருக்கிறது. காலை ஆறு முதல் மாலை ஆறுவரை 10 சதவீதம் குறைவு, ஆறிலிருந்து பத்துவரை 25 சதவீதம் கூடுதல், இரவு பத்துக்குமேல் சாதாரண விலை. திசை சரி, அளவு சரியில்லை. 2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த நுகர்வோர் உரிமை விதித் திருத்தமே சூரிய நேரத்துக்குக் குறைந்தது 20 சதவீதம் சலுகை சொல்கிறது, அதுவும் எட்டு மணி நேரத்துக்கு. கேரளம் அந்தச் சலுகையைப் பாதியாக்கிப் பன்னிரண்டு மணி நேரத்தில் பரப்பி வைத்திருக்கிறது. இதன் விளைவைப் பாருங்கள். சூரியன் பேனலில் சரியாக விழாத காலை ஏழு மணிக்குக் கீசர் போடுகிறவருக்கும், நண்பகல் பன்னிரண்டுக்கு ஹீட் பம்ப் ஓட்டுகிறவருக்கும் ஒரே விலை. அப்புறம் யார் டைமர் வாங்குவார்கள்? மின்வண்டிச் சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலுவரை குறைந்த விலை, அதன்பின் கூடுதல் என்று தெளிவாக வைக்கத் தெரிந்த ஆணையத்துக்கு, அதே ஒன்பது முதல் நாலை வீடுகளுக்கும் வைக்கத் தெரியாமல் போகாது.

நான் கேட்பது இதுதான். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலுவரை வீடுகளுக்கு 30 சதவீதமாவது குறைத்துக் கொடுங்கள். அதை 250 யூனிட் எல்லைக்குள் அடைக்காதீர்கள். மட்டாஞ்சேரியின் குறுகலான சந்துகளில், ஓட்டு வீடுகளில், ஒரு கூரையைப் பல குடும்பங்கள் பகிரும் கட்டடங்களில் வாடகைக்கு இருப்பவர்கள் ஒருநாளும் பேனல் வைக்கப் போவதில்லை, 250 யூனிட்டையும் தொடப் போவதில்லை. விரும்பினால் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறிக்கொள்ளும் உரிமையை அவர்களுக்குக் கொடுங்கள், அதற்கான மீட்டரை வாரியமே தன் செலவில் பொருத்தட்டும். கலூர் கூரைகளில் மதியம் விளைந்து தெருவுக்கு வரும் மின்சாரம் மட்டாஞ்சேரியில் ஒரு தையல் இயந்திரத்தையும் ஓர் இஸ்திரிப் பெட்டியையும் மலிவாக ஓட்டுமானால், நெட் மீட்டரிங் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில் இதுவரை ஒருமுறைகூடப் பெயர் சொல்லப்படாத அந்த வீடுகளுக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கும்.